புயல் நடுவே அமைதி



வடகரையில் வாழும் நாம் காலையில் எழுந்ததும் மேற்கே மலையைத்தான் பார்க்கிறோம். மேகம் இறங்கினால் மகிழ்ச்சி; அளவுக்கு மிஞ்சி இறங்கினால் கலக்கம். மழை பொய்த்தால் நெற்பயிர் வாடுகிறது. மிகுந்தால் 132 அடி உயர அடவிநயினார் அணை நிரம்பி, அனுமன் நதி பெருக்கெடுக்கிறது. யானைக் கூட்டம் இறங்கினாலோ, பல ஆண்டுகள் வளர்த்த தென்னை ஒரே இரவில் சாய்கிறது. நாளை என்ன ஆகுமோ என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

ஆனால் அண்மை ஆண்டுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 2020-இல் கொரோனா நம் ஆலயக் கதவுகளையே மூட வைத்தது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென் மாவட்டங்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. சாரல் காலம்கூட அல்ல, கோடை விடுமுறைக் காலம் அது. குளித்துக் களிக்க வந்த பிள்ளை வீடு திரும்பவில்லை.

இத்தகைய நேரங்களில் நாம் இரண்டு தவறுகளைச் செய்கிறோம். ஒன்று, பதற்றம். உண்மையா என்று பாராமல், கைப்பேசியில் வந்த வதந்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். நம் பயத்தை அயலார் வீட்டிலும் விதைக்கிறோம். மற்றொன்று, பக்தியின் போர்வையில் வரும் அலட்சியம். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி எச்சரிக்கைகளை ஒதுக்கிவிடுகிறோம். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது இயேசு மறுத்துவிட்டார் (மத் 4:5-7). கடவுளை நம்புவது வேறு, கடவுளைச் சோதிப்பது வேறு.

அப்படியானால் உண்மையான அமைதி எது? புயலில் படகு தத்தளித்தபோது இயேசு தலையணை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார் (மாற் 4:35-41). தந்தையின் மேல் அவர் கொண்ட நம்பிக்கை அது. ஆனால் சீடர்கள் கூக்குரலிட்டதும் உடனே எழுந்தார். பிறர் அழும் குரல் கேட்டால் எழுந்துவிடும் அமைதியே கிறிஸ்தவ அமைதி. 2020 மார்ச் 27 அன்று, மழை பெய்த மாலையில், வெறிச்சோடிய புனித பேதுரு சதுக்கத்தில் நின்று திருத்தந்தை பிரான்சிஸ் தியானித்ததும் இதே பகுதியைத்தான். நாம் அனைவரும் ஒரே படகில் இருக்கிறோம் என்பதை அன்று அவர் உலகுக்கு நினைவூட்டினார்.

நம் குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தத் தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டத்தில், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். தண்ணீர் சூழ்ந்த நிலையிலும் அருகிலுள்ள புதுக்குடி மக்கள், தங்களிடம் இருந்ததைக் கொண்டு உணவு சமைத்து அவர்களின் பசியாற்றினார்கள். தங்கள் ஊரே தவித்த வேளையில், யாரென்றே தெரியாதவர்களுக்காக அடுப்பு மூட்டினார்கள். அவர்கள் கிறிஸ்தவர்களா என்று நாம் கேட்க வேண்டியதில்லை. நல்ல சமாரியர் உவமையைச் சொன்ன ஆண்டவரும் அப்படிக் கேட்கமாட்டார்.

நாம் செய்ய வேண்டியது என்ன? மழை இரவுகளில் குடும்பமாக அமர்ந்து செபமாலை சொல்வோம். அதன்பின் தனியாக வாழும் அண்டை வீட்டு முதியவரின் கதவைத் தட்டி நலம் கேட்போம். ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்பும் முன் ஒரு அருள்நிறை மரியே செபிப்போம். அந்த இடைவெளியில் அது உண்மைதானா என்று யோசிக்க மனம் தெளிவடையும். அருவியில் அபாய ஒலி கேட்டால், முதல் ஆளாக வெளியேறி, நம் பிள்ளைகளுக்கும் அதையே பழக்குவோம். யானையால் பயிரிழந்த விவசாயிக்காக நம் அன்பியக் கூட்டங்களில் செபிப்பதோடு, இழப்பீட்டு மனு எழுதவும் உதவுவோம்.

புனித பவுல் எதற்கும் கவலைப்படாமல் இறைவனிடம் விண்ணப்பிக்கும்படி எழுதியது சிறையிலிருந்துதான் (பிலி 4:6-7). சூழ்நிலை மாறும் முன்பே அவருடைய உள்ளம் அமைதியடைந்தது. நமக்கும் அது இயலும்.

ஆண்டவரே, மலையில் மேகம் கறுக்கும்போது எங்கள் உள்ளம் கலங்காதிருக்கவும், அயலாரின் குரலுக்கு எங்கள் செவி மூடாதிருக்கவும் அருள்தாரும். ஆமென்.