நார்தம்பர்லேண்டுக்கு ஒரு சிக்கன டூர்

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வர்றாங்களாம். "லண்டன் முடிச்சாச்சுன்னா அடுத்து எங்க கூட்டிட்டுப் போறது? கையைக் கடிக்காம இருக்கணும்"னு கேட்டார். யோசிக்காம நார்தம்பர்லேண்டுன்னு சொன்னேன். "அங்க என்னய்யா இருக்கு, ஆடுதானே மேயுது?"ன்னு சிரிச்சார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே பதிவா போடறேன்.

முதல்ல நான் பண்ணின கூத்து. சில வருஷம் முன்னாடி எங்க அப்பா வந்திருந்தப்போ இதே ஊருக்குப் போனோம். வாடகைக் கார், இன்ஷூரன்ஸ், பெட்ரோல், ரெண்டே நாள்ல ஆனிக், பாம்பரோ, வார்க்வொர்த்னு மூணு கோட்டை. ஒவ்வொரு வாசல்லயும் குடும்பத்துக்கே டிக்கெட். மூணாவது கோட்டைக்கு வந்ததும் அப்பா, "நீங்க பாத்துட்டு வாங்கப்பா, நான் வண்டியிலயே இருக்கேன்"னுட்டார். கால்வலின்னு நெனச்சேன். டிக்கெட் விலையை ரூபாயில பெருக்கிப் பாத்துட்டார்னு அப்புறம்தான் புரிஞ்சது.

அன்னிலேர்ந்து என் கட்சி இதுதான்: சிக்கன டூர்னா எதை வெட்டலாம்னு பாக்கறது இல்ல, அந்த ஊர்ல எது காசு கேக்காம நிக்குதுன்னு பாக்கறது. அந்த விஷயத்துல இந்தக் கவுன்ட்டி ஒரு புதையல்.

ஹேட்ரியன் சுவரையே எடுத்துக்கோங்க. கி.பி. 122-ல் ரோமானியர்கள் கட்ட ஆரம்பிச்சது, மொத்தம் 73 மைல். ஹவுஸ்டெட்ஸ், விண்டோலாண்டா மாதிரி கோட்டை இடிபாடுகளுக்குள்ள போகத்தான் டிக்கெட். சுவரை ஒட்டி நடக்க ஒரு பைசா வேண்டாம். ஸ்டீல் ரிக்லேர்ந்து கிழக்கே நடந்தா, 2023 செப்டம்பர்ல ரெண்டு பேர் ராத்திரியோட ராத்திரியா அறுத்துப் போட்ட சைக்கமோர் கேப் மரத்தோட அடிக்கட்டையையும் பாக்கலாம். அடுத்த வருஷமே அது துளிர் விட்டுடுச்சு!

கடற்கரைப் பக்கம் பாம்பரோ. அந்தக் கோட்டை உள்ளே இருந்து பாக்கறதை விட, கீழே மணல்ல நின்னு பாத்தாத்தான் அழகு. மணலுக்கு டிக்கெட் இல்ல. பக்கத்துலயே கிரேஸ் டார்லிங் மியூசியம், அதுவும் இலவசம். 1838-ல் கப்பல் பாறையில மோதி உடைஞ்சப்போ, கலங்கரை விளக்கக் காவலரான தன் அப்பாவோட துடுப்புப் படகுல போய் ஆளுங்களைக் காப்பாத்தின பொண்ணு. அப்போ 22 வயசு. 26 வயசுலயே போய்ச் சேந்துட்டாங்க. எதிர்ல சர்ச் வளாகத்துல சமாதி.

போக்குவரத்துக்குக் கார் வேண்டாம், பஸ் போதும். இங்கிலாந்துல பெரும்பாலான பஸ்ல ஒரு தடவை ஏறி இறங்க அதிகபட்சம் இவ்வளவுதான்னு 2023-ல் 2 பவுண்டு வெச்சாங்க, 2025-ல் அது 3 பவுண்டு ஆச்சு. நியூகாசில்லேர்ந்து எக்ஸ்18 பஸ் ஆனிக், கிராஸ்டர், பாம்பரோன்னு பெர்விக் வரைக்கும் போகுது. சுவர்ப் பக்கம் போக ஹெக்ஸம்லேர்ந்து ஒரு பஸ், நம்பரே ஏடி122! குளிர்காலத்துல பஸ் குறைச்சல், நேரம் பாத்துட்டுக் கிளம்புங்க.

தங்க யூத் ஹாஸ்டல். பேரைப் பாத்து பயப்படாதீங்க, வயசு வரம்பெல்லாம் கிடையாது. குடும்பத்துக்குத் தனி ரூம் இருக்கு, பொதுச் சமையலறையும் இருக்கு. அரிசியும் பருப்புப்பொடியும் எடுத்துட்டுப் போனா பாதிச் செலவு மிச்சம். மூணு ராத்திரியும் ஒரே இடத்துல தங்குங்க. தினம் ஒரு ஊர்னு அலைஞ்சா காசும் போகும், பெரியவங்க உடம்பும் போகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போற பாதையை தினம் ரெண்டு தடவை கடல் மூடிடும். அட்டவணை பாக்காம வண்டியை விட்டு நடுவுல மாட்டிக்கறவங்க இன்னும் இருக்காங்க. அங்க சிக்கனம் பாத்தாலும் அவசரம் பாக்காதீங்க :-)

"எல்லாரும் இப்படி ஓசியிலயே பாத்தா கோட்டையை யார் பராமரிக்கறது?"ன்னு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. அதனால ஒரு டூருக்கு ஒரு வாசல்னு வெச்சிருக்கேன். எதுக்குள்ள போகணும்னு வீட்டுப் பெரியவங்களையே கேளுங்க. அதுக்கு மனசாரக் காசு குடுங்க.

அடுத்த தடவை அப்பா வந்தப்போ இப்படித்தான் போனோம். சுவர்ப் பக்கத்துல நின்னு ஒரு கல்லைத் தடவிப் பாத்துட்டு, "இதுக்கு டிக்கெட் எங்கடா எடுக்கணும்?"னார். "இல்லப்பா, சும்மாதான்"னேன். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் எனக்கு முன்னாடி அவர்தான் நடந்தார்.

உங்க ஊர்ப் பக்கம் இப்படிக் காசு கேக்காத இடம் எது? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.