சட்டம் அறிவோம்: வாடகைக்கு விட்டவர் கேட்கும் வினாக்கள்

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. 2017இல் இயற்றப்பெற்ற புதிய சட்டமே 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. கீழ்வரும் விடைகள் அதன்படி அமைந்தவை.

வினா: என் கணவர் வஃபாத்தான பின் மாடி வீட்டு வாடகையே எங்கள் வருவாய். ஒப்பந்தம் எழுதிப் பதிவும் செய்துள்ளோம். ஆயினும் குடியிருப்பவர் ஐந்து மாதங்களாக வாடகை தரவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டை மாற்றிவிடும்படி என் கொழுந்தனார் கூறுகிறார். அவ்வாறு செய்யலாமா?

விடை: கூடாது, சகோதரி. உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் குடிநீர், மின்சாரம் முதலிய இன்றியமையா வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்துவதை இச்சட்டம் தடை செய்கிறது. அவ்வாறு செய்தால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் முறையிடுவார். பாக்கிக்காரர் அவர், குற்றம் சுமப்பவரோ நீங்களாகிவிடுவீர்கள்.

நேர்வழி இதுவே: பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு, வழக்கறிஞர் மூலம் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்து, அறிவிப்புக் கிடைத்த ஒரு மாதத்திற்குள் வட்டியுடன் முழுத்தொகையும் வந்து சேராவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கோரலாம். அக்காலத்திற்குள் செலுத்திவிட்டால் இக்காரணத்தால் அவரை வெளியேற்ற இயலாது. ஆயினும் ஒருமுறை இச்சலுகை பெற்றவர், அதன்பின் ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் மீண்டும் அச்சலுகை கிடையாது.

வினா: உறவினர் ஒருவருக்கு வாய்ச்சொல்லாக வீடு தர எண்ணியுள்ளோம். பத்திரம் கேட்டால் மனம் வருந்துவாரே?

விடை: எழுத்து ஒப்பந்தமின்றி வாடகைக்கு விடலாகாது என்பது இன்றைய சட்டம். வாடகை, காலம், முன்பணம் ஆகியவற்றை எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு எண் பெறுங்கள். பின்னாளில் பிணக்கு எழுந்தால் வாய்ச்சொல்லை நிறுவுவது அரிது. வீட்டுடன் உறவும் முறியக்கூடும். தொடக்கத்தில் ஏற்படும் சிறு வருத்தம் அதைவிட மேலன்றோ?

வினா: காலி செய்பவரின் முன்பணத்தில் வெள்ளையடிக்கும் செலவைக் கழிக்கலாமா?

விடை: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பே. வாடகைப் பாக்கியையும், குடியிருந்தவர் விளைவித்த சேதத்தையும் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்திற்குள் மீதியைத் திருப்பித் தர வேண்டும். முன்பணமும் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது.

மாதந்தோறும் வாடகை பெற்றவுடன் ஒப்பமிட்ட ரசீது கொடுத்து, அதன் படியொன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது அதுவே.