எம்14-ஆ, ரெட்மி 12-ஆ? மஞ்சள் விற்ற காசில் ஒரு போன்

வாசகர் கேள்வி - பதில்

"எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம். மஞ்சளும் கொஞ்சம் வாழையும் இருக்கிறது. இரண்டு கறவை மாடுகள் உண்டு. போன மாதம் மடை திருப்பும்போது என் வீட்டுக்காரரின் செல்போன் வாய்க்காலில் விழுந்துவிட்டது. பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். மஞ்சள் விற்ற பணத்தில் 12,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறோம். டவுனில் கடைக்காரர், 'சாம்சங் எம்14 எடுத்துக்குங்க அக்கா, 5ஜி, 6,000 பேட்டரி, ரெண்டு நாள் சார்ஜ் நிக்கும், 8,500 ரூபாய்தான்' என்கிறார். கோவையில் படிக்கும் மகன், 'அது வேண்டாம்மா, ரெட்மி 12 வாங்குங்க, 11,000 ரூபாய்' என்கிறான். 2,500 ரூபாய் மிச்சமானால் மாட்டுக்கு இரண்டு மூட்டை தீவனம் ஆகும். எதை வாங்குவது? பால் பணம் வரும் என் பேங்க் கணக்குக்கும் அவருடைய நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம்."

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.

கேள்வியின் கடைசி வரிதான் கனமானது. அதற்கு முன் கடைக்காரர் சொன்ன கணக்கைச் சரிபார்க்க வேண்டும். 6,000 பேட்டரியும் 8,500 ரூபாயும் ஒரே பெட்டிக்குள் இருக்க வாய்ப்பில்லை.

எம்14 என்ற பெயரில் சாம்சங் இரண்டு போன்களை வெளியிட்டது. முதலாவது 2023 ஏப்ரலில் வந்த எம்14 5ஜி. 6,000 எம்.ஏ.எச். பேட்டரி இதற்குத்தான். வந்தபோது சுமார் 13,500 ரூபாயில் தொடங்கியது. இரண்டாவது, 2024 மார்ச்சில் வந்த எம்14 4ஜி. இதன் பேட்டரி 5,000. உள்ளே இருக்கும் சிப்பும் வேறு. 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு கொண்ட இதன் ஆரம்ப மாடல்தான் 2024-ல் 8,500 ரூபாய் அளவில் கிடைத்தது. கடைக்காரர் அண்ணன் போனின் பெருமையைச் சொல்லித் தம்பி போனின் விலையைச் சொல்லியிருக்கிறார். தெரியாமலும் சொல்லியிருக்கலாம். பெயர்ப் பலகையில் 'எம்14' என்று மட்டும் எழுதி வைத்தால் யாருக்குமே குழப்பம்தான்.

மகன் சொன்ன ரெட்மி 12-க்கும் இதே கதை உண்டு. 2023 ஆகஸ்ட் 1-ம் தேதி ரெட்மி 12 4ஜி, ரெட்மி 12 5ஜி என்று இரண்டும் ஒரே நாளில் வந்தன. மகன் சொல்லும் 11,000 ரூபாய் 5ஜி மாடலின் விலையோடு ஒத்துப்போகிறது. அதில் 4 ஜிபி ரேமும் 128 ஜிபி சேமிப்பும் இருக்கின்றன. ஆக, வாசகியின் கையில் இருக்கும் உண்மையான போட்டி 64 ஜிபி கொண்ட சாம்சங் 4ஜி போனுக்கும், 128 ஜிபி கொண்ட ரெட்மி 5ஜி போனுக்கும் இடையில்தான். 2,500 ரூபாய் வித்தியாசம் வெறும் பிராண்டுக்கான வித்தியாசம் அல்ல.

விதை வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் ரகம், முளைப்புத்திறன், காலாவதி தேதி பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. போன் பெட்டியின் பின்பக்க ஒட்டுத்தாளையும் அப்படியே படிக்க வேண்டும். முழுப் பெயர், ரேம், சேமிப்பு, தயாரித்த மாதம் எல்லாம் அதில் இருக்கும். '8 ஜிபி ரேம்' என்று கடையில் சொன்னால், உண்மையான ரேம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். சேமிப்பிடத்தில் கொஞ்சத்தைக் கடன் வாங்கி ரேம் என்று கணக்குக் காட்டும் வழக்கம் பல கம்பெனிகளிடமும் இருக்கிறது. 4 ஜிபி என்பது 4 ஜிபிதான்.

இனி தோட்டத்துக்கு வருவோம். இந்த வீட்டில் போன் இருக்கப்போவது மேசை மேல் அல்ல, வரப்பில்.

முதலில் தண்ணீர். ரெட்மி 12 5ஜி போனுக்கு 'ஐபி53' என்ற தரக்குறி இருக்கிறது. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 3 என்றால் தூறலும் சாரலும் பட்டால் தாங்கும். வாய்க்காலில் விழுந்தால் தாங்காது. எம்14 போன்களுக்கு இந்தத் தரக்குறி கிடையாது. மருந்தடிக்கிற நேரம், மாடு குளிப்பாட்டுகிற நேரம் என்று பார்த்தால் இந்தச் சின்ன வித்தியாசத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால், எந்த போனாக இருந்தாலும் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனால் வாரன்டி கிடைக்காது. இரண்டுமே ஏறக்குறைய 6.7 அங்குலத் திரை கொண்ட பெரிய போன்கள். சட்டை மேல் பாக்கெட்டில் வைத்துக் குனிந்தால் நழுவி விழும். பழைய போன் போனதும் அப்படித்தான் இருக்கும். பட்டாபட்டி டவுசரின் ஆழமான பாக்கெட்தான் பாதுகாப்பான இடம். மருந்தடிக்கப் போகும்போது போனைக் கையோடு கொண்டுபோகவே கூடாது. மருந்துக் கையோடு தொட்ட போனை அப்புறம் கன்னத்தில் வைத்துத்தான் பேசுகிறோம்.

அடுத்தது கீழே விழுவது. இங்கே சாம்சங்குக்கு மதிப்பெண். அதன் முதுகு பிளாஸ்டிக். ரெட்மி 12-ன் முதுகு கண்ணாடி. கடை வெளிச்சத்தில் பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். கிணற்று மேட்டுக் கல்லில் ஒருமுறை விழுந்தால் தெரியும். ரெட்மி வாங்கினால் கடையை விட்டு இறங்கும் முன்பே கெட்டியான ரப்பர் உறை போட்டுவிட வேண்டும்.

பேட்டரியில் இரண்டும் சமம், 5,000. வழக்கமான பயன்பாட்டுக்கு ஒரு நாள் தாராளமாக நிற்கும். சாம்சங் பெட்டியில் சார்ஜர் இருக்காது, ஒயர் மட்டும்தான். ரெட்மி பெட்டியில் சார்ஜர் இருக்கிறது. ஆக, 8,500 ரூபாயோடு சார்ஜர் விலையையும் சேர்த்தால் 2,500 ரூபாய் வித்தியாசம் அங்கேயே சுருங்குகிறது. பழைய சார்ஜர் பொருந்தினாலும் மெதுவாகத்தான் ஏறும்.

கேமரா இரண்டிலும் 50 மெகாபிக்சல். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. மஞ்சளில் இலைப்புள்ளி வந்தால் இலையை நிழலில் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல், ஒரு சாண் தள்ளி, மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, முழுச் செடி ஒன்று எனப் படம் எடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்பினால் எந்த போனிலும் தெளிவாகத் தெரியும். எடுக்கும் முன் லென்ஸில் இருக்கும் பிசுக்கைத் துண்டால் துடைத்தால் பாதி வேலை முடிந்தது.

வெயிலில் திரை தெரிகிறதா என்பதைக் கடைக்குள் நின்று பார்க்க முடியாது. வாங்கும் முன் கடை வாசலுக்குக் கொண்டுவந்து உச்சி வெயிலில் ஒரு படத்தையும் ஒரு குறுஞ்செய்தியையும் திறந்து பார்ப்பது நல்லது.

5ஜி வேண்டுமா என்றால், உழவன் செயலியில் சந்தை விலை பார்க்கவும், மேகதூத்தில் மழை பார்க்கவும், மகனோடு வீடியோவில் பேசவும் 4ஜி போதும். 5ஜி-க்காக மட்டும் ரெட்மிக்குப் போக வேண்டாம். தோட்டத்தில் எந்த கம்பெனியின் டவர் நன்றாக எடுக்கிறது என்பது அதைவிட முக்கியம். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் வேறு சிம் இருந்தால், மோட்டார் ரூம் அருகில் நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உண்மையான வித்தியாசம் சேமிப்பில்தான். 64 ஜிபியில் ஆண்ட்ராய்டும், போனோடு வரும் செயலிகளும் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதியை வாட்ஸ்அப் நிரப்பும். உறவுக்காரர் குழு, பால் சொசைட்டிக் குழு, மஞ்சள் வியாபாரிகள் குழு என்று தினமும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் கணக்கே இல்லை. இடம் நிரம்பிவிட்டால் போன் முனகும், பணம் அனுப்பும் செயலி பாதியில் நிற்கும். மெமரி கார்டு போட்டால் படங்கள் போகும், செயலிகள் பெரும்பாலும் போகாது. இந்தக் காரணத்துக்காகவே, இவ்விரண்டில் ஒன்று என்றால் ரெட்மி 12 5ஜி 128 ஜிபிதான் இந்த வீட்டுக்கு ஏற்றது. மகன் சொன்னது சரி.

ஆனால், ஒரு விஷயத்தில் சாம்சங் தெளிவாக முந்துகிறது. வேலியில் ஆடு நுழையும் ஓட்டைகளை அவ்வப்போது முள் வைத்து அடைப்பது போல, போனின் மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளைக் கம்பெனி அடைத்து அனுப்புவதுதான் 'செக்யூரிட்டி அப்டேட்'. எம்14 போன்களுக்கு நான்கு ஆண்டுகள் என்று சாம்சங் சொல்லியிருக்கிறது. ரெட்மி 12 5ஜி-க்கு மூன்று ஆண்டுகள். இந்தக் கணக்கு வாங்கிய நாளிலிருந்து அல்ல, மாடல் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது. அதாவது ரெட்மிக்கு 2026 நடுப்பகுதி வரை, எம்14 4ஜி-க்கு 2028 வரை. போனில்தான் பாஸ்புக்கே இருக்கிறது என்ற காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. அந்தத் தேதிக்குப் பிறகும் போன் ஓடும், வேலி மட்டும் பழையதாகும். அப்போது பெரிய தொகை இருக்கும் கணக்கை அந்த போனோடு இணைக்காமல், சின்னத் தொகை மட்டும் வைக்கும் கணக்கை இணைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எந்த அப்டேட்டும் காப்பாற்ற முடியாத ஆபத்தும் உண்டு. 'பி.எம். கிசான்' என்ற பெயரிலேயே வாட்ஸ்அப்பில் போலிச் செயலிகள் வருகின்றன. கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடியும். தொட்டு நிறுவிவிட்டால் போனுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். செயலிகளை பிளே ஸ்டோரில் இருந்து மட்டுமே எடுக்க வேண்டும். பணம் போனது தெரிந்தால் அடுத்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்.

கடைக்காரர் சொன்ன அந்த எம்14 5ஜி, 6,000 பேட்டரியோடு, 8,500 ரூபாய்க்கே கிடைத்தால்? யோசிக்காமல் வாங்கிவிடலாம். பிளாஸ்டிக் முதுகு, பெரிய பேட்டரி, 128 ஜிபி, 2027 வரை பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. பெட்டியைக் கையில் எடுத்து, '5ஜி' என்று அச்சடித்திருக்கிறதா என்று காட்டச் சொன்னால் விலை தானாக மாறும்.

எதை வாங்கினாலும் கடையிலேயே *#06# என்று அழுத்தி, திரையில் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும், பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது ஒழுங்கான போனா என்று பதில் வரும். அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் கோபியில் இருக்கிறதா, ஈரோடு போக வேண்டுமா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பஸ் செலவோடு ஒரு நாள் வேலையும் கெடும்.

இரண்டு போன்களிலும் விரல்ரேகை பார்க்கும் இடம் பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கிறது. மஞ்சள் வெட்டி, பால் கறந்து தேய்ந்த விரலை அது அடிக்கடி ஏற்காது. ரேஷன் கடையில் படும் பாடுதான். ஆறு இலக்க ரகசிய எண் வைத்துக்கொள்வதே வழி. பி.எம். கிசான் சரிபார்ப்புக்கும் விரல்ரேகை கட்டாயமில்லை. 2023 ஜூன் முதல் அதன் செயலியில் முகத்தைக் காட்டியே வீட்டில் இருந்தபடி முடித்துக்கொள்ளலாம்.

இனி அந்தக் கடைசி வரி. பால் பணம் வாசகியின் கணக்குக்கு வருகிறது. ஆனால், பணம் வந்த செய்தியும் எடுப்பதற்கான ஓ.டி.பி.யும் கணவரின் போனுக்குப் போகின்றன. போன் வாய்க்காலில் விழுந்தபோது இரண்டு பேரின் கணக்குகளும் சேர்ந்தே முடங்கின. புதிதாக எவ்வளவு நல்ல போன் வாங்கினாலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும். ரெட்மிக்கு 11,000 ரூபாய் போனால் கையில் மிஞ்சுவது 1,000. ஜியோபாரத் என்ற 4ஜி பட்டன் போன் 2023-ல் 999 ரூபாய்க்கு வந்தது. அதில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும் என்பதால், ஊரில் அந்த டவர் எடுக்காவிட்டால் வேறு சாதாரண பட்டன் போன் போதும். ஓ.டி.பி. படிக்க அதுவே தாராளம். வாசகியின் பெயரிலேயே ஒரு சிம் வாங்கி, பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு பேங்க் கிளைக்குப் போய் கணக்கின் நம்பரை மாற்ற எழுதிக் கொடுக்கலாம். ஆதாரில் நம்பர் மாற்ற ஆதார் மையத்தில் 2024-ல் 50 ரூபாய் கட்டணமாக இருந்தது. ரப்பர் உறைக்கு மட்டும் பால் பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கும்.