பெரிய தொகையா, கைக்கு வந்து சேரும் தொகையா?

விளையாட்டுப் பக்கத்துக்குரிய விடயத்தை வியாபாரப் பக்கத்தில் எழுதுவானேன் என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். வெளிநாட்டுக் கழகங்களுக்குக் கூடைப்பந்தாட்டம் ஆடிச் சம்பாதிக்கும் அமெரிக்க வீரர்களின் தொழிலைச் சற்று உற்றுப் பார்த்தால், அது விளையாட்டைவிட வியாபாரமாகவே தெரிகிறது. அவர்களிடம் இருப்பது ஒரேயொரு சரக்கு. அதுவும் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் காலாவதியாகிவிடும் சரக்கு. அதனை அந்நிய நாட்டில், முன்பின் தெரியாத ஒருவருக்கு, மாத முடிவில் பணம் என்ற கடன் அடிப்படையில் விற்கவேண்டும். இதைவிட ஆபத்தான வியாபாரம் புறக்கோட்டையிலும் இருக்காது.

ஏன் வெளிநாடு போகிறார்கள்? உள்ளூர்ச் சந்தையில் இடமில்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் 30 அணிகள். அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள் என்றால் மொத்தம் 450 இடங்கள்தான். வருடாந்தத் தெரிவில் அழைக்கப்படும் புதியவர்கள் சுமார் 60 பேர். அதிலும் பிற நாட்டவர் உண்டு. முதற்பிரிவில் ஆடும் பல்கலைக்கழகங்களோ 350க்கும் அதிகம். மிஞ்சும் கெட்டிக்காரர்கள் இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, கிரேக்கம், சீனா, ஜப்பான் என்று புறப்படுகிறார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் வரி கழித்த தேறிய சம்பளமே பேசப்படுகிறது. தங்குமிடமும் வாகனமும் கழகத்தின் செலவு. கேட்பதற்கு நல்ல பேரம்தான்.

இந்தப் பேரத்தில் வென்ற ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். கைல் ஹைன்ஸ் என்பவரின் உயரம் 1.98 மீற்றர். எமக்கு அது பனை உயரம். வளையத்தின் கீழ் நின்று ஆடும் அவரது இடத்துக்கோ குட்டை. 2008இல் படிப்பை முடித்தபோது என்.பி.ஏ. தெரிவில் எவரும் அவரை எடுக்கவில்லை. இத்தாலியின் இரண்டாம் பிரிவில் வெரோலி என்ற சிறிய கழகத்தில் சேர்ந்தார். அங்கு இரண்டு பருவங்கள். பின்னர் ஜேர்மனியின் பாம்பெர்க்கில் ஒரு பருவம். 2011இல் அந்நாட்டின் லீக் கிண்ணம். அடுத்து கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ். 2012, 2013இல் ஐரோப்பாவின் உச்சக் கிண்ணமான யூரோலீக். அதன்பின் மொஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. கழகத்தில் ஏழு பருவங்கள், மேலும் இரு யூரோலீக் கிண்ணங்கள். இறுதியாக மிலான்; 2024இல் ஓய்வு. என்.பி.ஏ.யில் ஓர் ஆட்டமும் ஆடாமல் 16 வருடத் தொழில்!

இவர் எதை விற்றார் என்பதே கவனிக்கவேண்டியது. புள்ளிகளைக் குவிப்பவர்கள் சந்தையில் மலிந்து கிடந்தார்கள். ஹைன்ஸ் விற்றது தடுப்பாட்டத்தை. யூரோலீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரராக மூன்று முறை தெரிவானார். எல்லோரும் விற்பதைத் தானும் விற்காமல், வாங்குபவரிடம் இல்லாததைக் கொண்டுபோனவருக்கு அடுத்த படி தானாகத் திறந்தது.

ஆனால் சரக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. காசு வரவேண்டும். சம்பளம் பிந்துவதும் நின்றுபோவதும் இத்தொழிலின் தீராத வியாதி. அனுசரணையாளர் கைவிட்டால் கழகத்தின் கஜானா காலி. அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் பேச வீரருக்கு மொழியும் தெரியாது, அவகாசமும் இல்லை. இதற்காகவே சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2007இல் ஜெனீவாவை ஆசனமாகக் கொண்டு ஒரு நடுத்தீர்ப்பு மன்றத்தை ஏற்படுத்தியது. ஒரு நடுவர், ஆங்கில மொழி, எந்த நாட்டுச் சட்டத்தையும் சாராமல் நீதி நியாயத்தைக் கொண்டே தீர்ப்பு. தீர்ப்புக்குப் பணியாத கழகம் புதிய வெளிநாட்டு வீரரைப் பதிவுசெய்ய முடியாதபடி தடைசெய்யப்படலாம். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் அங்கு போயிருக்கின்றன.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பிணக்கு ஏற்பட்டால் அந்த மன்றத்துக்கே போவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு பந்தி இல்லாதவனுக்கு அக்கதவு திறவாது. பணம் இத்தனை நாள் பிந்தினால் விலகிப் போகலாம், மீதித் தொகையும் தரவேண்டும் என்ற பந்தியும் அவ்வாறே. முகவர் எழுதிக்கொள்வார் என்று இருந்துவிடவும் கூடாது. முகவரின் கமிஷனை வழமையாகக் கழகமே செலுத்துகிறது. வாங்குபவரிடம் கமிஷன் எடுக்கும் தரகர், விற்பவருக்காக எவ்வளவு தூரம் வாதாடுவார் என்பதை எமது வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆடக்கூடிய காலமே குறைவு. அதிகம் தருபவரிடம் போவதுதானே புத்தி என்று சிலர் வாதிடுவர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல கழகங்கள் ஒரு வருட ஒப்பந்தமே தருகின்றன. சில வாரங்கள் சோபிக்காவிட்டால் வேறு ஆளை வரவழைத்து விடுகின்றன. நிலைத்து நிற்பது எப்போதும் வீரரின் கையில் இல்லை. ஆயினும் நிற்க வாய்ப்புக் கிடைத்தவர் சில ஆயிரம் டொலருக்காக அதை உதறுவது நட்டம் என்பதே என் கருத்து.

ஸ்டீபன் மார்பரி இதற்குச் சாட்சி. என்.பி.ஏ.யில் கோடிகளில் சம்பாதித்த இவர் 2010இல் சீனாவுக்குப் போனபோது, கதை முடிந்த ஆள் என்றே பலரும் பேசினார்கள். முதலிரு பருவங்களும் இரண்டு வெவ்வேறு கழகங்களில் கழிந்தன. 2011இல் பீஜிங் அணியில் சேர்ந்து அங்கேயே ஊன்றி நின்றார். 2012, 2014, 2015 என மூன்று கிண்ணங்கள். அந்நகரத்தார் அவருக்குச் சிலையே வைத்தார்கள். சீனாவில் நிரந்தர வதிவிட உரிமையும் கிடைத்தது. 2018இல் ஓய்வுபெற்ற பின்னர் பீஜிங்கிலேயே பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார். ஆடும் உடல் ஓய்ந்த பிறகும் அங்கு சம்பாதித்த பெயர் அவருக்கு வருமானம் தந்தது. வருடத்துக்கு ஒரு நாடு மாறியிருந்தால் இந்த நற்பெயர் எங்கே ஊன்றியிருக்கும்?

சர்வதேசச் சந்தையில் இறங்க நினைக்கும் எமது இளைஞர்கள், பந்தோடு போனாலும் சரி, பொதியோடு போனாலும் சரி, மூன்று விடயங்களை மனதில் இருத்தட்டும். வாங்குபவரிடம் இல்லாததைக் கொண்டு செல்லுங்கள். பணம் வராவிட்டால் எங்கே போய்க் கேட்பது என்பதை முதல் நாளே எழுத்தில் பெறுங்கள். நேர்மையான கொள்வனவாளர் அமைந்தால் அவரை இலகுவில் விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை இலாபமல்ல. கைக்கு வந்து சேர்ந்ததே இலாபம்.