மிஷின் தந்தார்கள், பீரோ தரவில்லை

"வீட்டுல சும்மா உட்கார்ந்து தைக்கிறாங்க..."

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஜாக்கெட் தைக்கும் எந்த அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இந்த வாக்கியம் வந்து விழும். அந்த 'சும்மா'வைத்தான் இந்தப் பதிவு தையல் பிரிக்கப் போகிறது.

அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மிஷின் இருக்கும். மிஷினுக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது. சரக்குக்குத்தான் கிடைப்பதில்லை. தைக்க வந்த துணி ஜவுளிக்கடைக் கட்டைப்பைகளில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தைத்து முடித்தது கட்டிலுக்கு அடியில். லைனிங் துணி அரிசி மூட்டைக்கு மேலே. பட்டன் ஹார்லிக்ஸ் பாட்டிலில், ஹூக் ஐஸ்கிரீம் டப்பாவில், நூல்கண்டு தீபாவளிக்கு வந்த ஸ்வீட் பாக்ஸில். மிஷின் டிராயரைத் திறந்தால் பாபின், ஊசி, சாக்பீஸ், இஞ்சி டேப், நடுவில் பையனின் பென்சில்.

பார்ப்பவர்கள் சொல்வது: "ஒரே குப்பை! கொஞ்சம் ஒழுங்கா அடுக்கி வைக்கக் கூடாதா?"

பி.காம். படிக்கும் மக்களே, அடக்கவிலைக் கணக்கியலில் ஸ்டோர்ஸ் பற்றி ஒரு முழுப் பாடம் வருகிறதே, ஞாபகம் இருக்கிறதா? பின் கார்டு, முதலில் வந்தது முதலில் போவது, மறு ஆர்டர் அளவு, ஏ.பி.சி. பகுப்பாய்வு. எல்லாக் கணக்கிலும் ஒரு ஃபேக்டரி, அதில் ஒரு கிடங்கு, அதற்கு ஒரு காப்பாளர் இருப்பார். ஒரு கட்டிலுக்கு அடியில் இதே வேலை நடந்தால் அதன் பெயர் மட்டும் குப்பை. (திண்டிவனத்தில் கிடங்கல் என்றே ஒரு பகுதி இருக்கிறது. பெயர்க்காரணம் வேறு, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

அந்த ஸ்வீட் பாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜாக்கெட் தைக்க ஒரு கண்டு நூல் முழுதாக ஆகாது. ஆனால் மயில்கழுத்து நிறத்தில் துணி வந்தால் மயில்கழுத்து நிறத்தில் ஒரு கண்டு வாங்கியே ஆக வேண்டும். அதற்காக எம்.ஜி. ரோட்டுக்கோ நேரு வீதிக்கோ ஒரு நடை. மீதி நூல் அடுத்த மயில்கழுத்து வரும்வரை பெட்டியில் கிடக்கும், அது அடுத்த மாதமும் வரலாம், அடுத்த ஆடிக்கும் வரலாம். இப்படிப் பாதி பாதியாக நிற்கும் கண்டுகள்தான் அந்த அக்காவின் நடைமுறை மூலதனம். ஜன்னல் வெயிலில் கிடந்தால் பருத்தி நூல் இற்றுப்போகும். இற்ற நூலில் தைத்த கைத்தையல் கல்யாண மண்டபத்தில் விட்டுப்போனால் பேச்சு வாங்கப்போவது யார்? ஆக, பெட்டி எங்கே இருக்கிறது என்பது லாப நட்டக் கேள்வி. இதில் அழகு எங்கே வந்தது?

பின் கார்டும் உண்டு. பையில் ஊக்கு குத்திய துண்டுச்சீட்டு. மற்றபடி யார் துணி, எந்த அளவு ஜாக்கெட், எத்தனை இன்ச் கை, எந்தத் தேதி எல்லாமே அவர் தலைக்குள். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் வீட்டில் வேறு யாராலும் ஒரு பையைக் கூட அடையாளம் காட்ட முடியாது.

இதுவரை சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு. பெரிய விஷயம் மற்றவர்களின் துணி.

பட்டுப்புடவைக்கான ஜாக்கெட் துணி பெரும்பாலும் புடவையோடு சேர்த்தே நெய்து வருவது. அது கெட்டால் எந்தக் கடைக்குப் போயும் அதே துண்டை வாங்க முடியாது. எலி ஒரு கடி கடித்தால் போதும். ஒரு துருப்பிடித்த ஊக்கு போதும். பூச்சிக்குப் பயந்து போட்ட அந்துருண்டை ஜரிகையில் பட்டால் ஜரிகை கறுக்கும். இத்தனையும் நடக்கக்கூடிய இடத்தில்தான் ஊராரின் முகூர்த்தப் புடவைகள் தூங்குகின்றன.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை ஒப்படைப்பு என்கிறது. தேர்வுக்காக உருப்போட்டதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பிரிவு 151: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ, அந்த அளவு கவனத்துடன் ஒப்படைத்த பொருளையும் காக்க வேண்டும். அப்படிக் காத்தும் பொருள் கெட்டால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பில்லை என்கிறது பிரிவு 152. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீட்டுப் பட்டுப்புடவை எங்கே இருக்கிறது? பீரோவில், பூட்டி. வாடிக்கையாளர் புடவை? கட்டிலுக்கு அடியில். "உன் புடவையை இப்படி வைப்பாயா?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? கவனம் இல்லாமல் அல்ல, தட்டு இல்லாமல்தான் அங்கே வைத்தார். கேட்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிரிவு 170 இன்னும் சுவாரசியம். கூலி வரும்வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்கும் உரிமை அது. சட்டத்திலேயே தையல்காரர் உதாரணம்: கோட்டு தைத்து முடித்ததும் தருகிறேன், பணத்துக்கு மூன்று மாதம் தவணை என்று ஒப்புக்கொண்டவர், பணம் வரவில்லை என்று கோட்டை நிறுத்திவைக்க முடியாது. "அக்கா, பொங்கலுக்குத் தந்துடறேன்" என்பதற்கு "சரிம்மா" என்று தலையாட்டும்போது நம்ம ஊர் அக்கா எதைக் கைவிடுகிறார் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. தவணை பேசாத வாடிக்கையாளரிடம் அவருக்கு இருக்கும் ஒரே பிணை அந்தத் துணி. அதுவும் கட்டிலுக்கு அடியில்!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. கட்டிலுக்கு அடியில்தான் தண்ணீர் முதலில் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அரசு நிவாரணம் அறிவித்தது: குடும்பத்துக்கு 2,000 ரூபாய், நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. எல்லாம் வேண்டியதுதான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கோழிக்குக் கூட ஒரு வரி ஒதுக்கிய அந்த அறிவிப்பில் வீட்டில் தைப்பவரின் சரக்குக்கு என்று ஒரு வரி இல்லை.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டத்தில் கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் என்று எத்தனையோ பேருக்குத் தமிழக அரசு மிஷின் தந்திருக்கிறது. நல்ல திட்டம். மிஷின் வந்தால் துணி வரும், துணி வந்தால் அதை வைக்க ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளின் சீருடையை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் தைக்கிறார்கள். வெட்டிய துணியை வாங்கிப்போய் வீட்டில் வைத்துத் தைப்பவர்கள் அவர்கள். அரசாங்கத்துத் துணிக்கும் அங்கே கிடங்கு கட்டிலடிதான்.

"யூட்யூபைப் பார், சுவரில் பலகை அடித்து வானவில் மாதிரி நூல் மாட்டியிருக்கிறார்கள்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வாடகை வீட்டுச் சுவரில் காலண்டர் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அந்த வீடியோக்களில் தையலுக்கென்று தனி அறை, தைப்பது பொழுதுபோக்கு. "கடை எடுக்க வேண்டியதுதானே" என்பவர்கள் அட்வான்ஸும் வாடகையும் எத்தனை ஜாக்கெட் கூலி என்று ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும். கடைக்குப் போனால் அடுப்பை யார் பார்ப்பது என்று கேட்கப்போவதும் இவர்களேதான்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மிஷினோடு ஒரு பூட்டுப் போட்ட தகரப் பெட்டி, தரைக்கு மேலே நிற்க ஓர் இரும்பு ஸ்டாண்டு, கார்பன் வைத்த ஒரு ரசீதுப் புத்தகம். மிஷின் விலையோடு பார்த்தால் சில்லறை. வெள்ள நிவாரணப் படிவத்தில் ஒரு வரி.

அரசு தரும்வரை வீடு தரலாம். பீரோவின் நடுத்தட்டில் இருப்பது என்ன? கல்யாண ஆல்பம், காலாவதியான இன்சூரன்ஸ் காகிதம், யாரோ மொய்க்குப் பதிலாகத் தந்து இன்றுவரை பிரிக்காத டின்னர் செட். டின்னர் செட்டைப் பரணில் ஏற்றலாம். எலி அதைக் கடிக்காது.