மனச்சான்றே முதற்காவல்

ஒழுக்கம் என்பது யாது? பிறர் காண நடப்பதா, எவரும் காணாத இடத்திலும் வழுவாது நிற்பதா? அறவியல் நூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினா, ஆண் பெண் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போது மிகுந்த கூர்மை பெறுகிறது. சட்டம், ஊர்வாய், மனச்சான்று என மனிதனுக்குக் காவல்கள் மூன்று. அவற்றுள் முதலில் நிற்க வேண்டிய மனச்சான்றை நாம் கடைசியில் நிறுத்திவிட்டோம் என்பதே நம் கருத்து.

புள் காட்டிய அறம்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் திருப்புட்குழி. வைணவத் திருப்பதிகள் நூற்றெட்டனுள் ஒன்று. சீதையைக் கவர்ந்து சென்ற இராவணனைத் தடுத்துப் போரிட்டு மாண்ட சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவென்று தலவரலாறு கூறும். விசயராகவப் பெருமாள் கோயில் குளத்திற்குச் சடாயு தீர்த்தம் என்றே பெயர்.

வான்மீகத்தில் அப்பறவை எடுத்த எடுப்பில் போர் தொடுக்கவில்லை. முதலில் அறம் உரைக்கிறது. தன் மனைவியைப் பிறர் தீண்டாது காப்பதுபோலவே பிறர் மனைவியையும் காக்க வேண்டும் என்று இடித்துரைக்கிறது. இராவணன் மறையோதியவன், அறியாமல் பிழைத்தவனல்லன், அறிந்தே பிழைத்தவன். கம்பரோ, அவன் சீதையைத் தீண்டாது நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் சென்றதாகப் பாடுகிறார். அதனால் அவன் குற்றம் குறைந்ததா? இல்லை. குற்றம் கை தீண்டும்போது தொடங்குவதன்று. உள்ளம் விழையும்போதே தொடங்குகிறது. வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குப் 'பிறனில் விழையாமை' என்று பெயரிட்டதும் இதனாலேயே எனலாம்.

கல்லில் எழுதிய ஒழுக்கம்

இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன. 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டோரே தகுதியுடையோர். கணக்குக் காட்டாதவரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும், தகாத உறவு கொண்டவரும் தகுதியற்றோர். தனிவாழ்வின் தூய்மை பொதுவாழ்வின் தகுதி என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் பொறித்தது போற்றத்தக்கது.

எனினும் அவ்விதி குற்றவாளியோடு நிற்கவில்லை; அவன் உறவினரையும் விலக்கியது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது திருக்குர்ஆனின் தெளிவான நெறி. ஒருவர் பிழைக்காகக் குடும்பத்தையே ஒதுக்கும் வழக்கம் அன்று கல்லில் இருந்தது. இன்று நம் நாவில் இருக்கிறது.

முதற் கட்டளை எவர்க்கு?

திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் அந்நூர். அதன் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்துமாறு ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. பெண்களுக்கான கட்டளை அதற்கடுத்த வசனத்தில்தான் வருகிறது. இவ்வரிசையை நம் மேடைகள் பெரும்பாலும் தலைகீழாக்கிவிட்டன. அதே அத்தியாயம், கற்புள்ள பெண்மீது பழி கூறி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு 80 கசையடி விதிக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரவியபோது, பரப்பியவரை மட்டுமன்றி, கேட்டவுடனே 'இது பொய்' என்று மறுக்காதிருந்தவரையும் இறைவன் கண்டித்தான். ஆகவே, கேட்டுவிட்டு வாளாவிருப்பதும் ஒழுக்கக்கேடே.

இதனை எழுத நமக்கே தகுதி உண்டா என்று தயங்குகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஊரில், சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்து பயின்ற மாணவி ஒருத்தி இருந்தாள். எவனோ எழுதிய கடிதம் ஒன்று அவள் பெயரைச் சுற்றிப் பேச்சாகியது. அவள் அதற்கு மறுமொழிகூட எழுதவில்லை என்பதை நாம் அறிவோம். ஆசிரியர் அறையில் அப்பேச்சு எழுந்தபோது சிலர் நகைத்தனர். நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அவள் தந்தை, "நீங்களாவது சொல்லுங்க சார், எம் பொண்ணு அப்படிப்பட்டவளா?" என்று கேட்டார். "விசாரித்துச் சொல்கிறோம்" என்றோம். விசாரிக்க ஒன்றுமில்லை என்பது நமக்குத் தெரியும். அவள் படிப்பு இரண்டாம் ஆண்டோடு நின்றது. கடிதம் எழுதியவன் தேர்வெழுதிப் பட்டம் பெற்றான்.

தன்னைத்தானே பழித்துக்கொள்ளும் உள்ளத்தின்மீது இறைவன் ஆணையிடுகிறான் (75:2). 'நஃப்ஸுல் லவ்வாமா' என்னும் அச்சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அத்தந்தையின் முகமே நம் முன் நிற்கிறது.

கட்டுப்பாடு வேண்டாவா?

"காலம் கெட்டுக் கிடக்கிறது, கட்டுப்பாடு வேண்டாவா?" என்று பெரியோர் கேட்கலாம். வேண்டும்; ஐயமில்லை. ஆனால் வெளிக்காவல் ஓரளவே செல்லும். பிறன்மனை நயத்தலைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. மனைவியைக் கணவனின் உடைமைபோல் கருதிய அப்பிரிவு நீங்கியது முறையே. சட்டம் விலகியதால் பாவம் விலகிவிட்டதா? இல்லை, பொறுப்பு முழுவதும் மனச்சான்றின்மேல் வந்து நின்றது.

மனச்சான்று என்பது மனம் போன போக்கும் அன்று. பழக்கத்தால் அது மழுங்கும், இராவணனே சான்று. மறையாலும் நல்லோர் கூட்டாலும் அதனை நாளும் தீட்ட வேண்டும். அப்பயிற்சியை மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் இல்லத்திலேயே தொடங்க வேண்டும்.

சடாயு முதிய பறவை, வெல்லவும் இல்லை. ஆயினும் கண்ணெதிரே நிகழ்ந்த கொடுமையைக் கண்டு சிறகை மடக்கி அமர்ந்திருக்க அதனால் இயலவில்லை. மாணவச் செல்வங்களே! பார்வையைத் தாழ்த்துங்கள், பழி கேட்டால் குரலை உயர்த்துங்கள். நாம் அன்று செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்களாக. அதற்கான துணிவை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!