ஜெபமாலையும் கூலியும்

குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்றது 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம். அழகான பெயர்தான். ஆனால் அந்தத் திருச்சபைக்குப் பின்வாசலும் உண்டே!

கம்பம் பள்ளத்தாக்கில், இராயப்பன்பட்டிப் பக்கத்து வீடொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் மாதா படத்தின்முன் குடும்பமே முழந்தாளிட்டிருக்கிறது. புழக்கடையில், பகலெல்லாம் திராட்சைக் குலை வெட்டியவள் கூலிக்காக நிற்கிறாள். "ஜெபம் நடக்குதுல்ல, நாளைக்கு வா" என்கிறார் வீட்டுக்காரர். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்று அவர்கள் கற்ற ஞானோபதேசம் எது? 53 மணி ஜெபமா, அந்த ஒரு வாக்கியமா?

உழைத்தவர் கூலியைப் பிடித்துவைப்பது வானத்தை நோக்கி முறையிடும் பாவம் என்று பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே எழுதிவிட்டார். முதலில் கூலியைக் கொடுங்கள். பிறகு மணியை உருட்டுங்கள். மாதா காத்திருப்பாள், கூலிக்காரி வீட்டுப் பசி காத்திராது.